மரக்காணம் உப்பில் விழுந்த கருப்புப் படிகம்

ஈரம் பட்டால் கெட்டுப்போகும் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு யாராவது உப்பளம் பக்கம் போவார்களா? நான் போனேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டு, கோடைகாலம். புதுச்சேரியில் நானும் என் ஆய்வு வழிகாட்டியும் வளர்த்த மீகடத்திப் படிகத்தைச் சென்னை ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். எள்ளளவு, கன்னங்கரேலென்று இருக்கும். அதைக் குளிர்வித்து அளக்க, அன்று மாலை மட்டும் திரவ ஹீலியம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். விட்டால் அடுத்த வருஷம்தான். மரக்காணம் வழியாகப் போகும் பஸ்தான் கிடைத்தது.

மீகடத்தியில் எலக்ட்ரான்கள் ஜோடி சேர்ந்து தடையே இல்லாமல் ஓடும். பழைய உலோகங்களில் அந்தப் பிணைப்பு எல்லாத் திசையிலும் ஏறக்குறைய ஒரே பலம். இந்தப் புதுப் பொருளிலும் அப்படித்தான் என்றார்கள் பெரும்பாலோர். இல்லை, நாலிதழ்ப் பூ மாதிரி, இதழ்களுக்கு இடையில் பலமே இருக்காது என்பது என் பிடிவாதம். காந்தப்புலம் எவ்வளவு ஆழம் உள்ளே நுழைகிறது என்று கடுங்குளிரில் அளந்தால் தெரிந்துவிடும். வெப்பநிலை மாற மாற அந்த ஆழத்தைக் குறித்துக் கோடு போட்டால், அது தட்டையாகப் படுத்தால் அவர்கள் கட்சி, நேராகச் சாய்ந்தால் என் கட்சி.

முப்பத்தைந்து கிலோமீட்டர் தாண்டி, உப்பளத்தின் ஓரத்தில் டயர் வெடித்தது. இறங்கிக் குப்பியைப் பார்த்தேன். ஈரம் உறிஞ்சப் போட்டிருந்த நீல மணிகள் ஈரம் ஏறி இளஞ்சிவப்பாகியிருந்தன. மூடி தளர்ந்திருக்கிறது! மாற்று மணிகள் பையில் இருந்தன. உப்பு மூட்டைமேல் வெள்ளைக் கைக்குட்டையை விரித்துப் படிகத்தை வைத்துவிட்டு, குப்பியைத் துடைத்தேன்.

உப்பில் தூசி பொறுக்கிக்கொண்டிருந்த பெண் அந்தப் பக்கம் வந்தார். வெள்ளையில் கருப்பைக் கண்டதும் நகத்தால் ஒரு சுண்டு.

“ஐயோ, என்னக்கா பண்ணீங்க!”

“கல்லு கெடந்துச்சுப்பா, தட்டிவுட்டேன். நாள் பூரா இதான வேலை. இன்னா அது, வைரமா?”

“அதுக்கும் மேலக்கா! ஒரு வருஷ உழைப்பு!”

அவர் முகம் மாறியது. “ஏய், யாரும் மிதிக்காதீங்க!” என்று கத்திவிட்டு, பக்கத்து உப்புக் குவியலைக் கைகளால் பரப்பினார். நானும் மண்டியிட்டுத் தேடினேன். டயர் மாற்றி முடித்துவிட்டார்கள்.

“சார், வர்றீங்களா, வண்டிய எடுக்கட்டுமா?” என்றார் கண்டக்டர்.

“இதானா பாருப்பா!” என்றார் அந்தப் பெண். ஈர உப்பு ஒட்டிய அவர் விரல் நுனியில் என் படிகம். துடைத்துக் குப்பியில் போட்டுக்கொண்டு ஓடினேன்.

மாலையில் சென்னையில் அளந்தோம். கோடு நேராகச் சாய்ந்தது. துள்ளிக் குதித்தேன். முன்பே அங்கே வந்து காத்திருந்த என் வழிகாட்டி மட்டும் சிரிக்கவில்லை. “உப்பீரத்துல விழுந்ததுன்னு நீயே சொன்ன. மேல்பரப்பு கெட்டிருந்தாலும் கோடு இப்படித்தாம்பா சாயும். இத வெளியிட முடியாது.” அவர் சொன்னது நியாயம்தான். அழுகை வந்தது.

மரக்காணம் உப்பளம் பார்க்கப் போகிறவர்களுக்கு: கோடையில்தான் உப்பு வாரும் வேலையைப் பார்க்கலாம். காலையிலேயே போய்விடுங்கள், தண்ணீர் எடுத்துப்போங்கள், வெயிலில் கண் கூசும். குவியல் பக்கம் எதையும் இறக்கி வைக்காதீர்கள்.

சில வருஷம் கழித்து, வெளிநாட்டில் யாரோ சுத்தமான படிகத்தில் இதையே அளந்து கட்டுரையாக வெளியிட்டார்கள். அந்தப் பக்கத்தின்மேல் என் பழைய வரைபடத்தை வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இரண்டு கோடும் ஒரே மாதிரி சாய்ந்திருந்தன.