சாத்திய வீட்டில் ஒரு சீழ்க்கை ஒலி

மாசித் திங்களின் ஒரு பிற்பகலில் எங்கள் வீட்டுக்குள் ஏதோ ஒன்று சீழ்க்கை அடித்தது.

நான் கூடத்தில் அமர்ந்து ஒரு நூலின் அச்சுப்படியைத் திருத்திக்கொண்டிருந்தேன். மெல்லிய ஒலி. இழைந்து நீண்டது, ஒரு கணம் நின்றது, மீண்டும் தொடங்கியது. பூதலூர் நிலையத்தைக் கடக்கும் புகைவண்டியோ என முதலில் எண்ணினேன். புகைவண்டியாயின் கடந்து போயிருக்கும். இது போகவில்லை. அடுக்களைக்குச் சென்று எரிவளி உருளையின் திருகை முடுக்கினேன். தண்ணீர்க் குழாய்களைப் பார்த்தேன். சாளரங்களின் கண்ணாடி விளிம்புகளில் ஒவ்வொன்றாகக் காது வைத்தேன். எங்கும் இல்லை. ஒலியைப் பின்தொடர்ந்து உள்ளறைக் கதவைத் திறந்தேன். ஆறு வயதுப் பெயர்த்தி கட்டிலில் உறங்கிக்கொண்டிருந்தாள். அறையில் வேறு எவரும் இல்லை. சீழ்க்கை அவள் மார்பிலிருந்து வந்துகொண்டிருந்தது.

அவள் வாய் மூடியிருந்தது. முகம் அமைதியாக இருந்தது. அவளுக்குத் தொடர்பில்லாத ஏதோ ஒன்று அவளுக்குள் இருந்துகொண்டு ஊதுவதுபோல் இருந்தது.

சளி என்று முடிவு செய்தோம். முடிவு செய்தவன் நான். கல்லூரியில் முப்பதாண்டுகள் தமிழ் பயிற்றுவித்தவன் சொன்னால் வீட்டில் மறுப்பார் இல்லை. என் துணைவியார் மறைந்தபின் அவ்வீட்டில் நாங்கள் மூவர்: நான், என் மருமகள், அவள் மகள். மகன் வளைகுடா நாட்டில் பணி செய்கிறான். அங்கிருந்தபடியே அவன் கட்டுவித்த புதிய வீடு அது. வழுக்கித் திறக்கும் கண்ணாடிச் சாளரங்கள் பொருத்தியது. சாத்திவிட்டால் எறும்பும் புகாது.

வீட்டைச் சுற்றி மூன்று புறமும் வயல்கள். அறுவடை இயந்திரங்கள் வந்து போனபின், எஞ்சி நிற்கும் நெல்தாளைக் கொளுத்துவது இங்கே வழக்கமாகிவிட்டது. அவ்வாண்டும் மாலைதோறும் வயல்வெளியில் நெருப்பு வரிவரியாக ஊர்ந்தது. சாம்பல் துகள்கள் முற்றத்தில் வந்து படிந்தன. குழந்தையின் நோய்க்குக் காரணம் அதுவே என்று கண்டேன். "எல்லாச் சாளரங்களையும் சாத்திவிடம்மா, ஒன்றும் உள்ளே வரக்கூடாது" என்றேன் மருமகளிடம். அவள் சாத்தித் திரைச்சீலைகளையும் இழுத்துவிட்டாள். கதவின் அடிவிளிம்பில் ஈரத்துணியைச் சுருட்டி வைத்தாள்.

அதன்பின் உள்ளே நாங்கள் புகை போட்டோம்.

இதை எழுதும்போது கை தயங்குகிறது. செவ்வாய்தோறும் வெள்ளிதோறும் விளக்கேற்றும் வேளையில் சாம்பிராணி போடுவது எங்கள் பக்கத்து வீடுகள் அனைத்திலும் உள்ளதே. தலைக்குக் குளிப்பாட்டிய குழந்தையின் கூந்தலுக்குப் புகை காட்டுவதும் உள்ளதே. நான் பேயையும் கண்ணேற்றையும் நம்பாதவன். ஆயினும் சாம்பிராணியை மருந்து என்று நம்பினேன். நறும்புகை நோய் நீக்கும் என்று மேடைகளில் பேசியும் இருக்கிறேன். எனவே சீழ்க்கை கேட்கத் தொடங்கிய நாள்முதல் நாள்தோறும் போடச் செய்தேன். தேங்காய்ச் சிரட்டையைத் தணலாக்கி, அதில் சாம்பிராணித் தூளும் காய்ந்த நொச்சியிலையும் இட்டு, தூபக்காலை நானே ஏந்தி உள்ளறைக்குள் கொண்டுசெல்வேன். புகை நின்று ஊற வேண்டும் என்பதற்காக அரைமணி நேரம் கதவைச் சாத்திவைப்போம். அவள் உடம்பில் பட வேண்டும் என்பதற்காகக் குழந்தையும் உள்ளேயே இருப்பாள். அதன்பின் கொசுவர்த்திச் சுருள்.

சீழ்க்கை மிகுந்தது. நாங்கள் புகையை மிகுத்தோம்.

ஒரு வெள்ளியன்று நான் தூபக்காலுடன் நுழைந்தபோது அவள் சுவரைப் பார்த்தபடி அமர்ந்திருந்தாள்.

"தாத்தா, அங்க ஒரு வெள்ளைப் பாப்பா நிக்குது."

"எங்கே?"

"அங்கதான். சுவத்துல. கையை விரிச்சிக்கிட்டு."

புகைக்கு நடுவே எனக்கு எதுவும் தெரியவில்லை. சிரித்தேன். என் சிரிப்பு எனக்கே பொய்யாகக் கேட்டது. என் பின்னால் நின்ற மருமகளின் முகம் வெளிறிவிட்டது. "எத்தனை நாளாடி நிக்குது?" என்று கேட்டாள்.

"ரொம்ப நாளா. எனக்கு இழுக்கிறப்போ நல்லாத் தெரியும்."

மருமகள் என் மறுகையிலிருந்த சாம்பிராணிக் கிண்ணத்தை வாங்கி, எஞ்சியிருந்த தூள் முழுவதையும் தணலில் கொட்டினாள். நான் தடுக்கவில்லை. அறை வெளுத்தது. குழந்தையை உள்ளே இருத்திக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தோம்.

கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். சீழ்க்கை கேட்டது, உயர்ந்தது, பின் மெல்ல மெல்லத் தேய்ந்தது. சிறிது நேரத்தில் அறவே நின்றது. நிறைவோடு திரும்பினேன்.

"பார்த்தாயா அம்மா? நின்றுவிட்டது."

"தூங்கிட்டாளா மாமா?"

"அப்படித்தான் இருக்கும்."

அவள் தாய். என் விடையை ஏற்காமல் கதவைத் திறந்தாள்.

குழந்தை உறங்கவில்லை. கட்டிலின் விளிம்பில் நிமிர்ந்து அமர்ந்து, இரு கைகளையும் தொடைகளில் ஊன்றி, வாயைத் திறந்தபடி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தோள்கள் ஏறி ஏறி இறங்கின. ஒலியே இல்லை. எங்களை அழைக்க அவள் வாய் குவிந்தது. அதிலிருந்தும் ஒலி வரவில்லை. உதடுகள் நாவற்பழம் தின்றவைபோல் இருந்தன.

தஞ்சை மருத்துவமனைக்கு வாடகை வண்டியில் செல்லும் வழி முழுதும் மருமகள் அவளை மடியில் நிமிர்த்திப் பிடித்திருந்தாள். சாலையின் இருபுறமும் தாள் எரிந்துகொண்டிருந்தது. நான் வண்டியின் கண்ணாடிகளை இறுக ஏற்றினேன். எங்கள் ஆடைகளிலிருந்தும் குழந்தையின் கூந்தலிலிருந்தும் சாம்பிராணி மணம் எழுந்து அவ்வண்டியை நிறைத்தது. ஓட்டுநர் திரும்பிப் பார்த்து, "கோயில்லேருந்து வர்றீங்களா சார்?" என்று கேட்டார்.

மருத்துவமனையில் முகத்தில் மூடி பொருத்தி ஆவியாக மருந்து செலுத்தினர். நெடுநேரத்துக்குப் பின் சீழ்க்கை திரும்பி வந்தது. அதைக் கேட்டு, அவளைக் கவனித்த மருத்துவர் அம்மையார் முதன்முறையாக மூச்சைத் தளர்த்தினார். எனக்கு அது விளங்கவில்லை.

"சத்தம் வருதுன்னா காத்து போகுதுன்னு அர்த்தம் ஐயா. அடங்குறதுதான் ஆபத்து. சத்தம் நின்னுடுச்சு, சரியாயிடுச்சுன்னு மட்டும் நினைச்சிடாதீங்க. விலா உள்ள இழுக்குதா, பேச முடியுதான்னு பாருங்க." பின் எழுதுதாளை எடுத்தார். "வீட்ல யாராவது சிகரெட் பிடிக்கிறீங்களா?"

"எங்கள் குடும்பத்தில் எவருக்கும் அப்பழக்கம் இல்லை" என்றேன். பெருமையோடுதான் சொன்னேன்.

"வேற புகை ஏதாவது?"

நான் வாய் திறப்பதற்குள் மருமகள் சொன்னாள். "சாம்பிராணி போடுவோம் மேடம்."

"எப்பப்போ?"

"முன்னாடி செவ்வாய், வெள்ளி. இவளுக்கு இழுக்க ஆரம்பிச்சதுலேருந்து தினம்."

"கொசுவர்த்தி?"

"அதுவும்."

"ஜன்னல் திறந்திருக்குமா?"

மருமகள் என்னைப் பார்த்தாள். "வெளியில தாள் கொளுத்துறாங்கன்னு மாமா சாத்தச் சொன்னாங்க."

மருத்துவரின் பேனா சற்று நின்றது. "வெளியில கொளுத்துற நேரத்துல சாத்துனது சரிதான். ஆனா உள்ளயே புகையைப் போட்டுட்டுச் சாத்துனா, பிள்ளை எங்கம்மா போகும்?" கடுமையாகச் சொல்லவில்லை. கடுமையாகச் சொல்லியிருந்தால் எதிர்த்து ஏதேனும் பேசியிருப்பேன்.

குழந்தைக்கு முன்பே இளைப்புத் தன்மை, அவர் சொல்லில் ஆஸ்துமா, இருந்திருக்கலாம் என்றார். புகை அதனைத் தூண்டிக்கொண்டே இருந்தது என்றார். மூன்று நாள் அங்கேயே வைத்திருந்தனர்.

சேர்த்த மறுநாள் காலை மாற்றுடை எடுக்க நான் தனியே வீடு திரும்பினேன். கதவைத் திறந்ததும் புகைவாடை முகத்தில் அறைந்தது. அத்தனை நாளும் அதற்குள் இருந்ததால் அதனை நான் உணர்ந்ததே இல்லை. உள்ளறையின் திரைச்சீலைகளை விலக்கிச் சாளரங்களை முழுவதும் திறந்தேன். பல வாரங்களுக்குப் பின் அறைக்குள் வெயில் விழுந்தது.

சுவரில் ஒரு சிறுமி நின்றாள்.

கைகளை விரித்து, பாவாடை அகல, முகமின்றி. வெண்மையாக. பகல் பத்து மணி, வெளியே வயலில் கொக்குகள் மேய்ந்துகொண்டிருந்தன, எழுபது வயதைக் கடந்த நான், என் வாழ்நாளில் முதன்முறையாக, ஒரு சுவரைப் பார்த்து "யார்?" என்று கேட்டேன்.

நெருங்கிச் செல்ல நேரமாயிற்று. கட்டிலுக்கும் சுவருக்கும் இடையே ஒரு தாள் பொம்மை விழுந்து கிடந்தது. பள்ளியில் கத்தரித்துக் கொண்டுவந்து அவளே சுவரில் ஒட்டியது. அதனை எடுத்து அவ்வெண்ணுருவின்மேல் வைத்தேன். விளிம்போடு விளிம்பு பொருந்திற்று. பொம்மை இருந்த இடம் மட்டுமே வண்ணம் பூசிய நாளின் வெண்மையோடு இருந்தது. சுற்றிலும் சுவர் முழுவதும் தேநீர்க் கறைபோல் பழுத்திருந்தது. விரலால் தேய்த்தேன். விரல் பிசுபிசுத்தது. மணத்தது.

சுவருக்காவது புகையை மறைக்க ஒரு தாள் இருந்தது. அவளுக்கு அதுவும் இல்லை.

மருத்துவமனைக்குத் திரும்பி மருமகளிடம் சொன்னேன். அவள் குழந்தையின் போர்வையைச் சரிசெய்துகொண்டே, "பக்கத்து வீட்டுல மந்திரிக்கச் சொன்னாங்க. நீங்க அவங்களைக் கிண்டல் பண்ணி அனுப்புனீங்க. மந்திரிச்சிருந்தாக்கூட இவ்வளவு கெடுதல் வந்திருக்காது மாமா" என்றாள். அவள் என்னை எதிர்த்துப் பேசியது அதுவே முதன்முறை.

குழந்தை வீடு திரும்புமுன் இருவருமாகச் சுவர்களைக் கழுவினோம். வாளியில் வடிந்த நீர் கறுப்பாக இருந்தது. தூபக்காலைக் கொல்லையில் கவிழ்த்து வைத்தேன். மெத்தையுறை, திரைச்சீலை எல்லாவற்றையும் வெந்நீரில் அலசி வெயிலில் உலர்த்தினோம். வயலில் நெருப்பு எழும் மாலைப்பொழுதில் மட்டும் சாளரங்களைச் சாத்துகிறோம்; உள்ளே எதனையும் கொளுத்துவதில்லை. கொசுவுக்கு வலை கட்டியிருக்கிறோம். மூச்சோடு உறிஞ்சும் மருந்தை நாள்தோறும் இருவேளை மருமகள் தருகிறாள்.

இப்போது பிற்பகல்களில் வீடு அமைதியாக இருக்கிறது. அந்த அமைதியைத்தான் என்னால் தாங்க இயலவில்லை. ஒருமுறை அமைதியைக் கேட்டு மகிழ்ந்தவன் அல்லவா நான்? இரண்டு பக்கம் படிப்பதற்குள் எழுந்து உள்ளறைக்குப் போகிறேன். குனிந்து அவள் விலாவைப் பார்க்கிறேன். அசைவு தெரியாவிடில் உள்ளங்கையை வைக்கிறேன். ஏறுகிறது. இறங்குகிறது. அடுத்தது ஏறும்வரை காத்திருக்கிறேன்.

நேற்று அப்படிக் கை வைத்திருந்தபோது அவள் கண்ணைத் திறக்காமலே பேசினாள்.

"தாத்தா."

"என்னம்மா?"

"நான் இருக்கேன். கையை எடுங்க, வேர்க்குது. போய் உங்க புக்கைப் படிங்க."

எடுத்தேன். கூடத்துக்கு வந்து நாற்காலியில் அமர்ந்தேன். ஒரு வரி படித்தேன். மீண்டும் எழுந்தேன்.