கால்சட்டை அக்காவும் கடைசி ரீலும்

அந்தத் தியேட்டரில் ரீல் சுற்றுகிறவளை யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. முகத்துக்கு நேரே கால்சட்டை அக்கா. முதுகுக்குப் பின்னால் அவரவர் வாய்க்கு வந்தது. ஆபரேட்டரின் பழைய கால்சட்டையை இடுப்பில் பிடித்துத் தைத்து, பாக்கெட்டில் கத்தரிக்கோலும் பிலிம் ஒட்டுகிற பசைப் புட்டியுமாக அவள் இரும்புப் படியேறும்போது சிரிக்காத வாய் அந்தத் தெருவில் இல்லை. சிரித்துவிட்டுப் போகட்டும், பல்லாவது காற்றாடட்டும் என்பாள்.

கால்சட்டை போடும் துணிச்சலை அவளுக்குக் கொடுத்தவள் ஹாலிவுட்டின் பழைய நடிகை ஒருத்தி. கறுப்பு வெள்ளைப் படம், புரியாத பாஷை. கம்பெனிக்காரர்கள் திரும்ப வாங்காமல் மறந்துபோன பிரிண்ட் என்பதால், புதுப்படம் கிடைக்காத வாரங்களில் முதலாளி அதையே ஓட்டுவார். ஒல்லி உடம்பு, தூக்கிய தாடை. புருஷன் கையை ஓங்கும்போது அவள் ஓர் அடிகூடப் பின்வாங்காமல் அவனையே பார்ப்பாள். பிறகு, பெட்டியைக்கூட எடுக்காமல், கால்சட்டைப் பாக்கெட்டில் கைவிட்டபடி நடந்துபோய்க் கதவை அறைந்து சாத்துவாள்.

அக்கா கல்யாணமான புதிதில் அந்தப் படத்தைப் பார்த்தாள். அவளுடைய புருஷனும் கை ஓங்குகிறவன்தான். அடுத்த வாரமே அவளும் ஒரு கதவைச் சாத்திவிட்டு வந்து, இதே தியேட்டரில் வேலை கேட்டாள். அவளைத் தலைமுழுகிவிட்டதாக அம்மா சொல்லி அனுப்பினாள். அக்கா அசரவில்லை. பத்திரிகை படிக்கிற ஆபரேட்டர் அந்த நடிகையைப் பற்றித் துண்டு துண்டாகச் சொல்வார்: கம்பெனி முதலாளி உட்காரச் சொல்லாததால் அவர் மேஜைமேலேயே ஏறி உட்கார்ந்தாளாம்; மன்னிப்புக் கேள் என்றதற்குக் கேட்க மறுத்து ஒரு வருஷம் படமே இல்லாமல் சும்மா கிடந்தாளாம். அக்கா அதையெல்லாம் சொந்த அக்காவின் பெருமை மாதிரி கேட்டுக்கொள்வாள்.

அந்தப் படத்துக்கு ஆறு ரீல். ஊரில் யாரும் ஆறாவதைப் பார்த்ததில்லை. அதையும் ஓட்டினால் ஜனங்களுக்குக் கடைசி பஸ் போய்விடும். ஆகவே கதவு அறைந்ததும் விளக்கைப் போட்டுவிட வேண்டும் என்பது முதலாளியின் உத்தரவு. போதாக்குறைக்கு ஆறாவது ரீல் நடுவில் கிழிந்தும் இருந்தது. அது தகர டப்பாவிலேயே கிடந்தது. அக்காவும் அதைத் தேடவில்லை. கதவைச் சாத்திவிட்டுப் போனவளுக்கு அப்புறம் என்ன கதை இருக்க முடியும்?

இப்படி வருஷங்கள் ஓடியபின் ஒரு நாள் தங்கை வந்து நின்றாள். ஒரு கையில் பை, மறு கையின் மணிக்கட்டு வீங்கியிருந்தது. அவள் புருஷன் வேன் ஓட்டுகிறவன்; ஊருக்கெல்லாம் தங்கமானவன். போன தடவை மாடிப்படியில் வைத்துப் பிடித்துத் தள்ளியிருக்கிறான். அக்கா ஒரு கேள்வியும் கேட்காமல் தன் ஒற்றைக் கட்டிலை அவளுக்குக் கொடுத்துவிட்டுத் தரையில் படுத்தாள். அம்மாவிடமிருந்து நாள் தவறாமல் ஆள் வந்தது: மாப்பிள்ளை அழுகிறார், சாப்பிடுவதில்லை, கோபம் இருக்கிற இடத்தில்தான் குணம் இருக்கும். தங்கை கரையத்தான் செய்தாள். ஆனால் இன்னும் போகவில்லை. போனால் திரும்பி வரமாட்டாள் என்று அக்கா பயந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் நடிகை இறந்துபோன செய்தி பேப்பரில் வந்தது. முதிர்ந்த வயசுதான். இருந்தும் அக்கா ரீல் அறையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். நினைவுக்காக ஒரு பகல் காட்சி போடலாம் என்றார் முதலாளி. பகல் என்றால் பஸ் கவலை இல்லை. முழுப் படத்தையும் ஓட்டலாமே என்று கேட்டது அக்காதான். அவளை இன்னும் பத்து நிமிஷம் பார்க்கலாம் என்ற பேராசை. கிழிந்த ரீலோடு எதற்கு மல்லுக்கட்டுகிறாய் என்று ஆபரேட்டர் தடுத்தார். காதில் போட்டுக்கொண்டால்தானே!

விளக்குக்கு எதிரே பிலிமைப் பிடித்து, ஓரத்துத் துளைகளைச் சரிபார்த்து, கிழிந்த இடத்தைச் சுரண்டி ஒட்டினாள். ரீல் சுற்றுகிறவர்களின் கண் பிலிமின் ஓரத்தில்தான் இருக்கும். படத்தை யார் பார்ப்பார்கள்? நகம் அளவு உருவங்களில் நடிகை மறுபடி அந்த வீட்டுக்குள் வந்திருந்தாள். நாற்காலிப் பக்கம் குனிந்தாள். விட்டுப்போன பெட்டியை எடுக்க வந்திருக்கிறாள் என்று அக்கா முடிவு கட்டினாள். உள்ளூர ஒரு சந்தோஷம் கூட. தங்கைக்கு முதல் வரிசையில் இடம் பிடித்து வைத்தாள்.

திரையில் அது பெட்டி இல்லை. நடிகை மழையில் நனைந்து, பாவாடை அணிந்து வந்தாள். புருஷன் நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டியிருந்தான். அவள் மண்டியிட்டு அவன் ஷூவின் கயிற்றை அவிழ்த்தாள். அவன் சிரித்து அவள் தலையைத் தட்டிக்கொடுத்தான். அரங்கம் கைதட்டியது. மேலே சின்ன ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா கண்ணாடியில் நெற்றி முட்டும் அளவுக்கு முன்னால் சாய்ந்தாள். இந்த முடிவைக் கம்பெனி கட்டாயப்படுத்தி எடுத்ததாகவும், இதற்காக அவள் சண்டை பிடித்ததாகவும் எங்கோ படித்த ஞாபகம் என்று ஆபரேட்டர் அப்போதுதான் முணுமுணுத்தார்.

காட்சி முடிந்து அக்கா தன் அறைக்கு ஓடி வந்தபோது தங்கை பையில் துணியை அடுக்கிக்கொண்டிருந்தாள். முகம் தெளிந்திருந்தது.

"அவளே திரும்பிப் போயிட்டா. பாத்தேல்ல?"

"அது சினிமாடி. கம்பெனிக்காரன் சொல்லி எடுத்தது. நிஜத்துல அவ யாருக்கும் குனிஞ்சதில்ல."

"கதவச் சாத்தினதும் கம்பெனிக்காரன் சொல்லி எடுத்ததுதானேக்கா?"

அக்கா பையின் வாயை இறுக்கிப் பிடித்தாள். கையைப் பிடித்து இழுத்தாள், திட்டினாள், கடைசியில் கெஞ்சினாள். அதுவரை யாரிடமும் கெஞ்சாதவள். தங்கை அவள் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் பையோடு இறங்கிப் போனாள்.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் தகவல் வந்தது. தங்கை மாடிப்படியில் வழுக்கி விழுந்து இறந்துவிட்டாளாம்.

அக்கா கால்சட்டையோடுதான் தங்கை வீட்டுக்குப் போனாள். வாசலில் நின்ற உறவுக்காரர்கள் விலகி வழிவிட்டார்கள். அவள் புத்தியைக் கெடுத்ததே நீதான், புருஷனோடு ஒட்டி வாழ விடாமல் பண்ணியதே நீதான் என்று அம்மா மாரில் அடித்துக்கொண்டு ஏசினாள். தங்கையைத் திருப்பி அனுப்பியது தன் கையால் ஒட்டின ரீல் என்று யாரிடம் சொல்வது? அக்கா எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள்.

கூடத்தில் தங்கை கிடந்தாள். பக்கத்து நாற்காலியில் அவள் புருஷன் தலையைப் பின்னால் சாய்த்து, ஷூ போட்ட காலை நீட்டி அழுதுகொண்டிருந்தான். நாலு பேர் விசிறினார்கள். பிள்ளை எப்போதிலிருந்து இப்படியே உட்கார்ந்திருக்கிறானோ என்று புலம்பியபடி அவன் அம்மா தன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்து, ஷூ கயிற்றில் கைவைத்தாள்.

"விடுங்க" என்றாள் அக்கா.

கிழவி நிமிர்ந்து பார்த்தாள்.

"அவன் கை ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. அவனே கழட்டட்டும்."

விசிறி நின்றது. அவன் அழுகையும் நின்றது. அக்கா அவனையே பார்த்துக்கொண்டு ஓர் அடிகூட நகராமல் நின்றாள். கடைசியில் அவன் குனிந்து கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தான். அதற்குப் பிறகுதான் அவள் தங்கையின் கால்மாட்டில் உட்கார்ந்தாள்.