இரண்டு தட்டினால் கிளம்பாதே

லோர்னாவுக்குப் பொய் சொல்ல வராது. கோபம் வந்தால் உண்மையையே இன்னும் உரக்கச் சொல்வாள், அவ்வளவுதான். அதனால்தான் வயோமிங்கில் எங்கள் பக்கத்துப் பண்ணையில் நடந்த இதை, அவள் சொன்னபடியே சொல்கிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

அன்று மத்தியானம் பிஸ்கட் என்ற அவளுடைய சினைக் குதிரைக்குக் குடல் முறுக்கிக்கொண்டது. மருத்துவமனை மலைக்கு அந்தப் பக்கம். பொழுது சாய்வதற்குள் கொண்டுபோகாவிட்டால் தாயும் இல்லை, குட்டியும் இல்லை. போன வாரம்தான் வெர்ன் என்ற கிழவரிடம் குதிரையை ஏற்றி வண்டிக்குப் பின்னால் இழுத்துப் போகிற பழைய டிரெய்லர் ஒன்றை வாங்கியிருந்தார்கள். அதைச் சரிபார்த்து வைப்பதாகப் புருஷன் கிளிஃப் சொல்லியிருந்தான். சொன்னதோடு சரி. அதைக் கேட்கப் போய்ச் சண்டை முற்றியது. லோர்னா தானே டிரெய்லரைப் பிக்கப் வண்டியில் மாட்டினாள். கொக்கி, சங்கிலி, பிறகு டிரெய்லரின் விளக்குக்கும் மின்சார பிரேக்குக்கும் சேர்த்து ஒரே பிளக். குதிரையையும் ஏற்றினாள்.

"பின்னாடி நின்னு விளக்கு எரியுதான்னு மட்டும் பாரு," என்றாள்.

"எல்லாம் எரியும், போ. அந்தக் குதிரை மேல வச்சிருக்கிற அக்கறையில காவாசி என் மேல வச்சிருந்தா, நானே ஓட்டிட்டுப் போயிருப்பேன்."

வீட்டுக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

எங்கள் பக்கத்துக் காற்று பேச்சைத் தூக்கிக்கொண்டு போய்விடும். அதனால் பின்னால் நின்று பார்ப்பவர் கத்துவதில்லை. டிரெய்லரின் தகரத்தில் கையால் தட்டுவார். சரியாக இருந்தால் ஒரு தட்டு. இல்லாவிட்டால் இரண்டு.

லோர்னா வண்டியில் ஏறி, வெறுப்போடு இடது இண்டிகேட்டரைப் போட்டாள்.

தட்.

ஓ, துரைக்கு மனசு இளகிவிட்டதாக்கும் என்று நினைத்துக்கொண்டு வலதைப் போட்டாள். தட். பிரேக்கை மிதித்தாள்.

தட்... தட்.

ஒவ்வொரு தட்டுக்குப் பின்னாலும் 'டிங்' என்று மெல்லிய சத்தம். மறுபடி மிதித்தாள். மறுபடியும் இரண்டு. இறங்கிப் பின்னால் போனாள்.

யாரும் இல்லை.

கிளிஃப் சமையலறை ஜன்னலுக்கு உள்ளே, கையில் காப்பிக் கோப்பையோடு நின்றான். காலில் வெறும் காலுறை. வெளியே சேறு.

"குதிரை சாகுது, உனக்கு விளையாட்டா?" என்று ஜன்னலைப் பார்த்துக் கத்தினாள். அவன் புரியாமல் தோளைக் குலுக்கினான். அதைப் பார்த்ததும் அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. எதையும் பார்க்காமல் கிளம்பிவிட்டாள்.

மலை ஏறும்வரை ஒன்றுமில்லை. உச்சி நெருங்கியபோது...

தட்... தட்.

குதிரை உதைக்கிறது என்று நினைத்தாள். ஆனால் சத்தம் உள்ளேயிருந்து வரவில்லை. வெளியிலிருந்து, பின் கதவின் மேல், விரித்த உள்ளங்கையால் அறைகிற சத்தம். வண்டி நாற்பது மைல் வேகத்தில் போய்க்கொண்டிருந்தது.

கண்ணாடியில் வெறும் சாலை.

தட். தட். டிங்.

இப்போது இன்னும் பலமாக. கோபத்தில் அடிக்கிற கை. சொன்ன பேச்சைக் கேட்காதவர்கள் மேல் வருகிற கோபம். லோர்னாவுக்கு அது நன்றாகத் தெரியும்.

முழங்காலருகே இருந்த, டிரெய்லர் பிரேக்கை இயக்கும் சின்னப் பெட்டியைப் பார்த்தாள். டிரெய்லர் இணைந்திருந்தால் அதில் பச்சை விளக்கு எரிய வேண்டும்.

எரியவில்லை.

உச்சியிலேயே ஓரம் கட்டினாள். அடுத்த வளைவில் செங்குத்தான இறக்கம். குனிந்து பார்த்தாள். டிரெய்லர் பிரேக்குக்குப் போகும் மின்கம்பி சக்கர அச்சில் தேய்ந்து அறுந்து, தொங்கிக்கொண்டிருந்தது.

சத்தம் நின்றுவிட்டது.

லோர்னா போன் செய்ததும் மருத்துவர் மேலே வந்து, சாலையோரத்திலேயே வைத்தியம் பார்த்தார். பிஸ்கட் பிழைத்தது, குட்டியும் தங்கியது. மறுநாள் லோர்னா வெர்னைத் தொலைபேசியில் பிடித்துக் கிழித்தெடுத்தாள். கம்பி அறுந்த வண்டியை விற்க மனசு எப்படி வந்தது என்று கேட்டாள். வீட்டிலும் மலையிலும் கேட்ட இரண்டு தட்டையும் அந்த வேகத்தில் சொல்லிவிட்டாள். 'டிங்' சத்தத்தை மட்டும் சொல்லவில்லை.

கிழவர் கேட்டது ஒன்றுதான்.

"கூடவே மோதிரச் சத்தமும் கேட்டுச்சாம்மா?"

"ஆமா," என்றாள்.

"என் வீட்டுக்காரி டோரி. அந்த டிரெய்லருக்குப் பின்னாடிதான் நின்னு ரெண்டு தட்டு தட்டுனா. இவளுக்கு எப்பப் பாரு குத்தம் கண்டுபிடிக்கிறதே வேலைன்னு எனக்குக் கோபம். கேக்காம கியரைப் போட்டேன். முன்னாடி போகும்னு நெனச்சேன்."

"அப்புறம்?"

"பின்னாடி போச்சும்மா... மோதிரம் கழட்ட வரல. அதோடயேதான் புதைச்சோம்."

இப்போதெல்லாம் கிளிஃப் மறுபேச்சில்லாமல் பின்னால் போய் நிற்கிறான். அவன் விரலில் மோதிரம் கிடையாது. எல்லாம் சரியாக இருந்தால் ஒரு தட்டு தட்டுவான்.

லோர்னா உடனே கிளம்புவதில்லை. 'டிங்' கேட்கும்வரை காத்திருக்கிறாள்.

இதுவரை ஒரு நாளும் கேட்காமல் இருந்ததில்லை.