ஆற்றங்கரை மேட்டின் பாதி

விட்பி நகரில் புது வீடுகள் எழும்பவிருந்த நிலத்தில் மேல்மண்ணை வழிக்கும் வேலை எனக்கு. மண் தோண்டும் பெக்கோ இயந்திரம் ஓட்டத் தொடங்கி இருபது வருடமாகிறது. ஆற்றுக்குக் கிட்டப் புல் மூடிய ஒரு மேடு கிடந்தது. நிலத்தைப் பரிசோதித்தவர்கள் தோண்டக்கூடாதென்று குறித்துவிட்டுப்போன எல்லைக்கு வெளியே இருந்ததால் நான் யோசிக்கவில்லை. வாளியை இறக்கினேன். கரிய மண்ணும், சிவந்து வெடித்த கற்களுமாக வந்தன. யாரோ பண்ணைக்காரர் குப்பை எரித்த இடமென்று நினைத்தேன்.

பாதி மேட்டை வழித்த பிறகு, நல்ல கற்களாக ஐம்பதைப் பொறுக்கி என் வாகனத்தில் போட்டு வோபர்னிலுள்ள வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவற்றைப் பின்வளவில் வட்டமாக அடுக்கி அடுப்புக் கட்டினேன். ஒஷாவாவிலிருந்து தங்கை குடும்பம் வந்த ஞாயிற்றுக்கிழமை அதில் கோழி சுட்டோம். சூட்டில் ஒரு கல் படாரென்று வெடித்தது. பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள்.

அடுத்த மாதம் வேலையை நிறுத்திவிட்டார்கள். மிச்ச மேட்டைத் தொல்லியல்காரர் சிறு கரண்டிகளால் தோண்டிக்கொண்டிருந்தார்கள். பொறுப்பாக இருந்தவர் இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண். என்னைக் கூப்பிட்டுக் குழியின் சுவரைக் காட்டினார். அந்தக் காலத்து மனிதர்கள் நெருப்பில் காய்ச்சிய கற்களைத் தண்ணீருக்குள் போட்டு, அந்தத் தண்ணீரைக் கொதிக்கவைத்திருக்கிறார்கள் என்றார். அப்படிப் போட்டதில் வெடித்த கற்கள் குவிந்துதான் இந்த மேடு, பல ஆயிரம் வருடப் பழசு. கரிய மண்படை ஒழுங்காக வந்து ஓரிடத்தில் அறுந்திருந்தது. அதில் என் வாளியின் பற்கள் கீறிய தடம்.

"மற்றப் பாதி எங்க, அங்கிள்?"

லொறியில் போனதென்று சொன்னேன். வீட்டுக்குக் கொண்டுபோனதைச் சொல்ல வாய் வரவில்லை.

"சொல்லாதேங்கோ, வேலை போயிடும்," என்றார் மனைவி. அன்றிரவு நான் சரியாக உறங்கவில்லை. விடிந்ததும் கற்களை ஏற்றிக்கொண்டு போனேன்.

அந்தப் பெண்ணுக்கு முதலில் சந்தோசம். கடைசியாக எப்போது சூடானதென்பதைக் கல்லிலிருந்தே அறியலாம் என்று சொல்லியபடி ஒன்றைத் திருப்பினார். விரலில் கரி ஒட்டியது.

"இதென்ன, புதுக் கரி?"

"கோழி சுட்டனான், பிள்ளை."

அவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப இந்தக் கல்லு இனி போன மாசம் எண்டுதான் சொல்லும், அங்கிள்."

தூக்கிக்கொண்டு போனதுதான் பிழை என்று நினைத்திருந்தேன். அத்தனை ஆயிரம் வருடத்தை ஒரு பின்னேரத்தில் அழித்திருக்கிறேன்.

இந்த நிலத்தின் ஆதிக்குடிகள் சார்பில் ஒரு பெண்மணி ஒவ்வொரு நாளும் தோண்டுவதைப் பார்க்க வந்து நிற்பார். அவர் கற்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, எடுக்குமுன் யாரிடமாவது கேட்கத் தோன்றவில்லையா என்று மெதுவாகக் கேட்டார். நான் மிச்சக் கற்களையும் வாகனத்திலிருந்து இறக்கி அவர் முன்னால் வைத்தேன்.

என்னைச் சில வாரங்கள் வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். நான் தொடாத பாதியிலிருந்த கற்களே காலத்தைக் கணிக்கப் போதுமானவையாக இருந்தன, கவலைப்படவேண்டாம் என்று அந்தத் தமிழ்ப்பெண் தொலைபேசியில் சொன்னார். வேலைக்குத் திரும்பப் போன முதல் நாள் வாளியை மண்ணுக்குக் கிட்ட இறக்கினேன். இயந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்கிப்போய் அந்த மண்ணை முதலில் கையால் கிளறிப் பார்த்தேன்.