நிறுத்துகிற கைக்கு ஒரு பொட்டு

பெரியவன் மகன் விக்னேஷ் கப்பல் வேலைக்குத் தேறிவிட்டான். மகள் வயிற்றுப் பேத்தி காவ்யா கேரம் போட்டியில் கோப்பை வாங்கியிருக்கிறாள். சின்னவன் மகள் நித்யா, வேறு கிரகத்தில் பாறையைத் துளைக்கப்போகிற இயந்திரத்தில் வேலை செய்கிறாள். முதல் இரண்டு சேதியையும் ஒரே மூச்சில் ஜெபமணியிடம் சொல்லிவிட வேண்டும் என்று, ராஜகீழ்ப்பாக்கத்து எங்கள் வீட்டு மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தேன். மாடியில் குடியிருந்த ஜெபமணிதான் நித்யாவின் குழுவுக்குத் தலைவி. பாதிப் படியில் நித்யா போன் செய்தாள். வேலையிடத்திலேயே ஜெபமணிக்கு நெஞ்சு வலியாம். ஆஸ்பத்திரி போவதற்குள் முடிந்துவிட்டதாம்.

அவளோடு வேலை பார்த்த நீங்கள் அவள் நினைவாகத் தொடங்கிய இந்த வாட்ஸ்அப் குழுவில் நானும் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவளின் எழுத்து.

ஒருநாள் மாடியில் திரைக்கம்பி மாட்ட எலக்ட்ரீஷியன் சுவரைத் துளைத்தான். அவன் கீழே வைத்த டிரில் முனையை எடுக்கப்போன என் கையை ஜெபமணி பிடித்து இழுத்தாள்.

"தொடாதீங்கம்மா, சுட்டுடும். எங்களுக்கும் இதே பேஜார்தான்."

"அந்தக் கிரகத்துல ஒரே குளிருன்னு நித்யா சொன்னாளே?"

"குளிருதான். ஆனா காத்தே இல்லாத மாதிரி இருந்தா, சூட்டை யாரு வாங்கிக்கிறது? தண்ணி ஊத்தவும் முடியாது. கல்லுக்குள்ள உறைஞ்ச ஈரம் இருக்கான்னு பார்க்கத்தானே போறோம்? நாமளே அதை ஆவியாக்கிட்டு, இல்லைன்னு சொன்னா நல்லாவா இருக்கு?"

"அப்போ என்ன பண்ணுவ?"

"கொஞ்சம் துளைக்கணும், நிறுத்தணும், ஆறவிடணும். மறுபடி துளைக்கணும்."

"இதுக்கா இவ்ளோ படிச்ச?"

"நிறுத்தக் கத்துக்கத்தாம்மா அவ்ளோ படிச்சது" என்று சிரித்தாள்.

போன வருடம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் உங்கள் வேலையிடத்துக்குக் குடும்பத்தோடு வரலாம் என்றார்கள். சுண்டல் செய்து எடுத்துப் போனேன். அன்றைக்கே பெரிய அதிகாரி முன்னால் இயந்திரத்தை ஓட்டிக் காட்ட வேண்டும். தவறினால் இதற்குப் பதிலாக வேறு குழுவின் இயந்திரம் அந்தக் கிரகத்துக்குப் போய்விடும். காற்றை உறிஞ்சி எடுக்கிற இரும்புப் பெட்டிக்குள் ஈரம் உறையவைத்த சோதனைக் கல்லை வைத்து மூடப்போகும் நேரம், டெக்னீஷியன் முருகன் சந்தனக் கிண்ணத்தோடு குனிந்தான்.

"முருகா, கல்லுக்கு வேணாம். சந்தனத்துத் தண்ணி எது, கல்லோட தண்ணி எதுன்னு அப்புறம் யாரு பிரிக்கிறது?"

"பொட்டு வைக்காம எப்படி மேடம் ஓட்டுறது?" அவன் முகம் தொங்கிப்போனது.

கழுத்தில் சிலுவைச் சங்கிலி ஆட, ஜெபமணி வலது கையை நீட்டினாள்.

"நிறுத்துற கைக்கு வை."

புறங்கையில் சந்தனம், அதன்மேல் குங்குமம். நீங்கள் எல்லோரும் கைதட்டினீர்கள்.

துளைக்க ஆரம்பித்தது. கணினித் திரையில் சூட்டின் அளவு ஏறும்போதெல்லாம் பொட்டு வைத்த கை பொத்தானை அமுக்கும், மெஷின் நிற்கும். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சந்தானே மேடம். ஒரேயடியா இறக்கிடுங்களேன்."

"ஆறட்டும் சார்."

அவர் மறுபடி கேட்டார். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் அதையே சொன்னாள். கடைசியில் கல்தூளை எடுத்துச் சோதித்தார்கள். ஈரம் அப்படியே இருந்தது. நித்யா என்னைத் தூக்கிச் சுற்றினாள். அதிகாரி இரண்டாம் தடவை சுண்டல் கேட்டு வாங்கினார்.

வருகிற திங்கட்கிழமை அடுத்த சோதனை. ஜெபமணியின் இடத்தில் நித்யா உட்காருகிறாள்.

"பயமா இருக்கு பாட்டி. அவசரப்படுத்துவாங்க."

"ஆறட்டும் சார்னு சொல்லு" என்றேன். ஜெபமணியிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த ஒரு வார்த்தைதான். அதைப் பேத்திக்கும் கொடுத்துவிட்டேன்.

முருகா, திங்கட்கிழமை மெஷின் ஓடும்போது ஒரு போட்டோ எடுத்து உடனே இங்கே போடு. நித்யா முகம் சரியாக விழாவிட்டாலும் பரவாயில்லை. பொட்டு வைத்த கை தெரிய வேண்டும்.