ஒரே உதையில் கிளம்பும் வண்டி

நோயாளியைக் கவனிக்கும் வேலைக்கு ஒரு வீட்டுக்குப் போன முதல் நாளே மூன்றைப் பார்த்துவிடுவேன்: ஆக்சிஜன் சிலிண்டரின் முள், வீட்டிலிருக்கும் போன், வாசலில் நிற்கும் வண்டி. மெக்கானிக் வீட்டில் மூன்றாவது சரியில்லை.

அவரைத் தெருவில் எல்லோரும் 'டைமிங்' என்றுதான் கூப்பிடுவார்கள். பழைய மோட்டார் சைக்கிளில் பிளக் பொறி தட்டும் நேரத்தை, பொறியைக் கிளப்பும் பாயிண்டுக்கு நடுவே மெல்லிய காகிதத்தைச் செருகி இழுத்துப் பார்த்தே வைத்துவிடுவார். தன் வண்டியில் அந்தப் பொறியை ரொம்பவே முந்தி வைத்திருந்தார். ஓட்டத்தில் சீறும். உதைக்கும் காலில் வலு குறைந்தாலோ கிக்கர் திருப்பி அடிக்கும்.

"இவரைத் தவிர அது யாருக்கும் மசியாதுக்கா. நான்தான் முப்பது வருஷமா மசிஞ்சுட்டேன்" என்பாள் படுக்கையிலிருந்த அவர் மனைவி, மூச்சு வாங்கியபடி.

"குதிரைன்னா ஒரே எஜமான்தான்" என்று அவர் சிரிப்பார்.

"தம்பி, அவசரத்துக்குன்னு வண்டியை வீட்ல விட்டுட்டு நடந்து போறீங்க. உங்க பொண்ணு எடுக்க வேணாமா? அந்தப் பொறியைக் கொஞ்சம் தளர்த்தி வைங்க" என்றேன் நான்.

"பத்து நிமிஷ வேலைக்கா. ஞாயித்துக்கிழமை முடிச்சிடறேன்."

இரண்டு ஞாயிறு போயிற்று. ஊரார் வண்டி என்றால் உடனே ஸ்பேனரை எடுக்கிறவர்.

செவ்வாய்க்கிழமை நண்பகலில் சிலிண்டர் தீர்ந்தது. மாற்று சிலிண்டரை மாட்டினால் அதன் வாய் கசிந்து ஏற்கெனவே காலியாகிக் கிடந்தது. முள்ளைத் தினமும் பார்த்தவள் அன்று காலை பார்க்கவில்லை; அது என் தப்பு. ஆம்புலன்ஸ் வர இருபத்தைந்து நிமிடம் ஆகும் என்றார்கள். பட்டறையில் என்ஜின் சத்தத்தில் அவர் போனை எடுக்கவில்லை. சிலிண்டர் கடை, வண்டியில் போனால் ஐந்து நிமிடம்.

மகள் வாசலுக்கு ஓடினாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று உதைத்தாள். ஐந்தாவது உதையில் கிக்கர் திருப்பி அடித்தது. கணுக்கால் முறிந்த சத்தம் உள்ளே எனக்கே கேட்டது. ஒற்றைக் காலில் நொண்டித் தெருமுனைக்குப் போய் ஆட்டோ பிடித்தாள். அவள் சிலிண்டரோடு திரும்பியபோது, நான் அவள் அம்மாவின் தாடையைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தேன்.

அவர் வந்தார். மனைவியைப் பார்த்தார். மகளின் காலைப் பார்த்தார். வண்டியை மட்டும் பார்க்கவில்லை.

பத்து நாள் கழித்து என் ரத்த அழுத்தக் கருவியை எடுத்துவரப் போனேன். வாசலில் உட்கார்ந்து, மூடியைக் கழற்றி, காகிதத்தைச் செருகி இழுத்துக்கொண்டிருந்தார். மூடி மாட்டியதும் மாவுக்கட்டுக் காலோடு நின்ற மகளிடம், "கிக்கரைக் கையால அழுத்தும்மா" என்றார். அழுத்தினாள். கிளம்பிவிட்டது.

"இவ்வளவு சுலபமாப்பா?" என்றாள்.

அவர் என்ஜினை அணைத்து, சாவியை எல்லோர் கைக்கும் எட்டும் ஆணியில் மாட்டினார்.

இப்போதெல்லாம் பட்டறைக்கு வருகிறவர்களிடம் அவர் முதலில் கேட்பது, "வீட்ல வேற யாரு ஓட்டுவாங்க?" என்பதுதான்.

"பொறியைத் தளர்த்தினா பிக்கப் போயிடுமேண்ணே" என்றான் ஒருவன், போன வாரம்.

"போகட்டும். நாளைக்கு உங்கம்மாவைக் கூட்டிட்டு வா. அவங்க உதைச்சுக் கிளம்பினாதான் வண்டியைக் குடுப்பேன்."