ஆட்டோவில் ஓடிய மருந்துக்கடை

கோவளத்துக்கும் கேளம்பாக்கத்துக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டும் அமானுல்லாவுக்கு அறுபத்திரண்டு வயது. இடுப்பு வலி வந்து இருபது வருடம், சர்க்கரை வந்து பன்னிரண்டு, ரத்தக்கொதிப்பு வந்து ஆறு. மூன்றையும் அவர் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைகளைப் போலத்தான் நடத்தினார். கேட்டதைக் கொடுத்துவிடுவார், எதிர்த்துப் பேசமாட்டார்.

சர்க்கரைக்கும் கொதிப்புக்கும் உள்ள மாத்திரைகளைச் சுகாதார ஊழியர் சகுந்தலா மாதாமாதம் வீட்டுக்கே கொண்டுவந்து தருவார். இடுப்புக்கு எலும்பு டாக்டர் ஒருவர் எப்போதோ எழுதிக்கொடுத்தது தனி. சீட்டு கிழிந்துபோயும் மாத்திரை நிற்கவில்லை. அதுவும் பத்தாத நாளில் மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் மஞ்சள் மாத்திரை ஒன்று. எல்லாம் ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு துணிப்பையில் தொங்கும். வலி என்று யார் ஏறினாலும் அதிலிருந்து ஒன்று கிடைக்கும். கொடுப்பதில் அமானுல்லாவுக்கு அவ்வளவு சந்தோஷம்.

சித்திரை மாதத்தில் அவர் கால் வீங்கியது. செருப்பு ஏறவில்லை. ரத்த அழுத்தம் நூற்றெழுபதுக்குக் கீழே இறங்க மறுத்தது. சுகாதார நிலைய டாக்டர் இரண்டு தடவை கொதிப்பு மாத்திரையைக் கூட்டியும் பலனில்லை.

"ஒழுங்கா போட்டுகினு கீறீங்களா பாய்?" என்று கேட்டார் சகுந்தலா.

"ஒரு வேள வுட்டதில்லம்மா" என்றார் அவர். அது உண்மைதான்.

ஒரு நாள் காலை சகுந்தலா அதே ஆட்டோவில் ஏறினார். பின்னால் மீன்கூடையோடு முனியம்மா.

"தோளு கயண்டு வுயுது பாய். அந்த மஞ்சள்ல ஒண்ணு குடு."

அமானுல்லா ஓட்டிக்கொண்டே கையைப் பைக்குள் விட்டார். "நாஸ்தா துன்னுட்டுப் போடு."

"அந்தப் பைய இப்டி குடுங்க" என்றார் சகுந்தலா. மாத்திரை அட்டைகளை வெளிச்சத்தில் பிடித்து, பெயருக்குக் கீழே இருந்த பொடி எழுத்தைப் படித்தார். எலும்பு டாக்டர் எழுதியதையும் கடையில் வாங்கியதையும் சேர்த்துக் காட்டினார். "பேருதான் வேற பாய். ரெண்டும் ஒரே மருந்து. ஒரு நாளைக்கு எத்தினி?"

"காலைல ஒண்ணு, மத்தியானம் மஞ்சள். சவாரி ஜாஸ்தின்னா இன்னும் ஒண்ணு."

சகுந்தலா திட்டவில்லை. "வண்டிய நேரா சுகாதார நிலையத்துக்கு வுடுங்க."

"பாசஞ்சருங்க?"

"நாங்க எங்கியும் ஓடிப்போவல, நீ வுடு" என்றாள் முனியம்மா. அன்று நான்கு பயணிகளும் ஒரு கூடை மீனும் சுகாதார நிலைய வாசலில் காத்திருந்தார்கள்.

டாக்டர் பிரதீபா ரத்தம் எடுக்கச் சொன்னார். முடிவு வந்ததும் உட்காரவைத்து விளக்கினார். "இந்த வலி மாத்திரைதாங்க பிரஷர ஏத்துது, கால்ல நீர் கோக்க வைக்குது. கிட்னியும் கொஞ்சம் சோர்ந்திருக்கு. இப்ப நிறுத்தினா பெரும்பாலும் தேறிடும்."

அமானுல்லாவுக்குக் கிட்னியைவிட மறுநாள் காலைதான் பயமாக இருந்தது. "அது இல்லாங்காட்டி பிரேக்க மிதிக்க முடியாதும்மா."

"வலியோட விட்டுட மாட்டோம்" என்றார் டாக்டர். வேறொரு மாத்திரையை இத்தனைக்கு மேல் கூடாது என்று அளவோடு எழுதினார். தடவ ஒரு மருந்து கொடுத்து, உடற்பயிற்சி சொல்லித்தருபவரிடம் அனுப்பினார்.

முதல் வாரம் பொல்லாத வாரம். தொழுகைக்கு நாற்காலி வேண்டியிருந்தது. அரை நாள்தான் வண்டி ஓடியது. மனைவி சுராயா வெந்நீர்ப் பை வைத்துவிட்டு, ஒரு அட்டையில் எல்லா மாத்திரைகளையும் வேளை போட்டு எழுதினாள். எந்த டாக்டரிடம் போனாலும் இதைத்தான் முதலில் காட்ட வேண்டும் என்றாள். பிறகு மருந்துக்கடைக்கே போய், "எங்க வூட்டுக்காரரு வந்து அயுதாக்கூட மஞ்சள் மாத்திரை குடுக்காதப்பா" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

ஸ்டாண்டில் ஆட்டோவைப் பிடித்துக்கொண்டு அவர் இடுப்பை வளைத்தபோது மற்ற டிரைவர்கள், "அண்ணாத்த, டான்ஸ் கிளாஸா?" என்றார்கள். மூன்றாவது வாரம் அவர்களில் இரண்டு பேர் பக்கத்தில் நின்று வளைந்தார்கள்.

இரண்டு மாதத்தில் கால் வடிந்தது. அழுத்தம் நூற்று முப்பத்தாறுக்கு வந்தது. கிட்னியும் தேறிக்கொண்டிருப்பதாக டாக்டர் சொன்னார். வலி போய்விட்டதா என்றால், இல்லை. காலையில் இன்னும் பத்து நிமிடம் இடுப்பிடம் கெஞ்ச வேண்டியிருக்கிறது. ஆனால் அவர் நின்றுகொண்டே தொழுகிறார், முழு நாளும் ஓட்டுகிறார்.

பையில் இப்போது தண்ணீர் பாட்டில் மட்டும். முனியம்மா தோள்வலிக்குக் கேட்டபோது அவளைச் சுகாதார நிலையத்தில் இறக்கிவிட்டார். திரும்பி வந்து ஏறியவள் முகம் கடுகடுவென்று இருந்தது.

"தோளுவலிக்கு ஒரு மாத்திரை கேட்டா, சுகரு கீதுன்னு சீட்டு வாங்கிக் குடுத்துட்டியே பாய்."

"நானா குட்த்தேன்? அது ஏற்கனவே உன்னாண்ட இருந்துது."

முனியம்மா இறங்கும்போது, "உன் பொண்டாட்டிய எனக்கும் ஒரு அட்ட எய்தச் சொல்லு" என்று சொல்லி, நான்கு சங்கரா மீனை இலையில் சுற்றி முன் சீட்டில் வைத்துவிட்டுப் போனாள்.